ஏழாம் நம்பர் ஜாயிண்ட்

தான் செய்த வேலையில் என்ன குறை என்று யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். வேலை முடிந்து கை கழுவும்போதே அது ஆரம்பித்துவிடும். தோப்புக்காரர் திருப்தியாக ஏதோ சொல்ல வாயெடுப்பார். இவர் குறுக்கே புகுந்து, வடக்கு மூலையில் மூன்றாவது தென்னைக்குப் பக்கத்தில் குழாய் ஒரு விரற்கடை கூடுதலாக வளைந்துவிட்டது, கோடையில் அங்கே விரிசல் விட்டாலும் விடும் என்பார். தோப்புக்காரர் முகம் மாறும். இவர் முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி வரும்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, எல்லைக்கு இந்த மலையாளப் பக்கம் எங்கள் ஊர். தண்ணீர் குறைவு, தென்னை அதிகம். அதனால் எல்லாத் தோப்பிலும் சொட்டுநீர்க் குழாய்தான், அதைப் பதிக்கிறவர் அவர். நானும் என் வீட்டுக்காரரும் கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள். கேமரா வீட்டுக்காரர், எடிட்டிங் நான். குழாய் பதிக்கிற அவரை நான் அண்ணா என்பேன், அவர் என்னை அம்மிணி என்பார். சொந்தம் ஒன்றுமில்லை. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதிலும் ஒரு பிழை தன்னுடையது என்று போன் செய்து சொல்லக்கூடிய மனிதர்.

ஒரு தோப்பில் அவர் வேலையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு பெண் வயசுக்கு வந்த சீரை வீடியோ எடுக்கப் போயிருந்தோம். அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு, சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டுடன் வரப்பு வரப்பாக நடந்தார். ஒவ்வொரு ஜாயிண்ட்டின் அடியிலும் கையை வைத்துப் பார்த்தார். மணி ஒன்றரைக்கு நிழலுக்கு வந்து தோப்புக்காரரிடம் கணக்கு ஒப்பித்தார்.

“முந்நூத்திப் பன்னெண்டு ஜாயிண்ட்டுங்க. நாலு ஒழுகுச்சு. மூணு அடைச்சுட்டேன். நாலாவதும் அடைச்சிருக்கேன், ஆனா அதுமேல எனக்கு நம்பிக்கையில்லீங்க.”

அந்தத் தோப்புக்காரர் அடுத்த தோப்புக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார். அந்த ஆளின் குழாய் இருபது இடத்தில் ஒழுகியது. ஆனால் அவன் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் யாருக்கும் உறுத்தவில்லை.

அவருடைய கல்யாணமே இப்படித்தான் நடந்தது என்று அவர் மனைவி சொல்வார். பெண் பார்க்க வந்த இடத்தில் காப்பி கொடுத்து முடிவதற்குள், தனக்கு இடது காது மந்தம், கோபம் வந்தால் ரெண்டு நாள் பேசமாட்டேன், வண்டி ஓட்டும்போது தூக்கம் வரும் என்று மூன்றையும் சொல்லிவிட்டாராம். அவருடைய அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். “இதுக்கு மேல கண்டுபுடிக்கறதுக்கு ஒண்ணுமில்லைன்னுதான் நானு சரின்னேன்” என்பார் அந்த அக்கா.

எங்கள் ஸ்டூடியோவுக்கு அவர் வந்தது ஒரு மார்ச் மாதம், அவர் அக்கா மகளின் சீர் வீடியோவை வாங்கிப்போக. எங்கள் கூரை ஆஸ்பெஸ்டாஸ். அந்த மாதத்தில் பதினோரு மணிக்கு மேல் கம்ப்யூட்டர் உட்காரவிடாது. இரண்டு மணி நேர வீடியோவை ஏற்றிவிட்டுக் காத்திருந்தால், முக்கால்வாசியில் சூடு தாங்காமல் அணைந்துவிடும். பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து, டேபிள் ஃபேனை உள்ளே திருப்பி, மேலே ஈரத் துண்டு வேறு போட்டிருந்தேன். அவர் சீர் வீடியோவை மறந்துவிட்டு அதன் முன்னால் அரை மணி நேரம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க அம்மிணி, இதுக்குள்ளயே தண்ணி உடலாமுங்களா?”

வெளிநாட்டுக்காரர்கள் அப்படிச் செய்வதைப் போனில் பார்த்திருக்கிறாராம். சூடாகிற சில்லின் மேல் ஒரு செப்புக்கட்டை, அதற்குள்ளே தண்ணீர் ஓடும், ஓடுகிற தண்ணீர் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும், ரேடியேட்டரை ஃபேன் ஆற்றும். பைக் எஞ்சினுக்குச் செய்வதுதான் என்றார். என் வீட்டுக்காரர் சிரித்தார். கரண்ட் இருக்கிற பெட்டிக்குள் தண்ணீர் விடுகிறேன் என்று ஒருவர் வந்து நின்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சூட்டில் அவர் பெட்டியைக் கிணற்றில் இறக்கலாம் என்று சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

இரண்டு மாதம் ஆனது. முதலில் மீன்தொட்டி பம்பை வைத்துப் பார்த்தார், சத்தம் அதிகம் என்று தானே ஒதுக்கினார். செப்புக்கட்டையும் நல்ல பம்பும் தபாலில் வரவழைத்தார். டியூப் மட்டும் எங்கள் ஊர்ச் சரக்கு, மேஸ்திரிமார் மட்டம் பார்க்கிற, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப். தூசு உள்ளே போகாமலிருக்க சொட்டுநீர் ஃபில்டரின் வலையை வெட்டி ஃபேன் முன்னால் ஒட்டினார். பெட்டியின் இடது பக்கத் தகட்டை ஒர்க் ஷாப்பில் அறுத்து எடுத்துவிட்டு, அங்கே ஒரு கண்ணாடியை நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். உள்ளே விளக்குப் பட்டை. சாதாரணமாக நீலம், சூடு ஏறினால் சிவப்பு. ஊற்றியது பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர். எங்கள் போர் தண்ணீரின் உப்பு டம்ளரிலேயே படிந்துவிடும், அதை இதற்குள் காட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

மொத்தம் பதினோரு ஜாயிண்ட். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் நம்பர் எழுதினார். பம்பை மட்டும் தனியாக ஓடவிட்டு, ஒவ்வொரு ஜாயிண்ட்டின் அடியிலும் வெள்ளை வேட்டித் துணியைக் கிழித்து வைத்தார். ஒரு நாள் ஓடினால் போதும் என்றுதான் போனில் சொல்கிறார்களாம். இவர் மூன்று நாள் ஓடவிட்டார். வேலைக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் வந்து துணிகளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கையைவிடக் கன்னத்துக்கு ஈரம் சீக்கிரம் தெரியும் என்றார். எல்லாம் காய்ந்தே இருந்தன. மூன்றாம் நாள் சாயங்காலம் கம்ப்யூட்டரை என்னிடம் ஒப்படைத்தார், அவர் வழக்கப்படி.

“பத்து ஜாயிண்ட்டுக்கு நான் பொறுப்புங்க. ஏழாம் நம்பர் மட்டும், செப்புக்கட்டைக்கு மேல வருது பாருங்க, அதுல டியூப்பைச் சித்தே சாய்ச்சு வெட்டீட்டேன். ஒழுகாது. ஆனா வெட்டுனது சாய்வுதானுங்க. கண்ணாடியக் கழட்டறதா இருந்தா என்னையக் கூப்புடுங்க.”

அந்தக் கோடையில் என் கம்ப்யூட்டர் ஒரு முறைகூட அணையவில்லை. சிவப்பு விளக்கை நான் பார்த்ததே மூன்றோ நான்கோ தடவைதான். வீட்டுக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, பெட்டியைத் தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். டியூபுக்குள் நீலமாகத் தண்ணீர் ஓடுவதை நான்கு பேர் நின்று பார்த்தால் ஐந்தாவது ஆளும் நிற்பான். பக்கத்துச் சித்தூரிலிருந்து ஒரு ஸ்டூடியோக்காரர், பொள்ளாச்சியிலிருந்து கேம் விளையாடுகிற ஒரு டாக்டர் என்று வந்து கேட்டார்கள். செப்டம்பருக்குள் நான்கு பேர் தங்களுக்கும் செய்து தரச் சொல்லிவிட்டார்கள்.

அவர் நாற்பத்தைந்து வயதில் முதல்முறையாக ஒரு கடை வைக்க நினைத்தார். பேக்கரிக்கு அடுத்த அறையைப் பேசி முடித்தார். தமிழிலும் மலையாளத்திலும் ‘தண்ணீர்க் குளிர் கம்ப்யூட்டர்’ என்று போர்டு எழுதி வாங்கினார். வெயிலில் தோப்பு தோப்பாக அலைந்து முட்டி தேய்ந்துபோயிருந்தது, உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று அமைந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் மனைவி கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்தார். விஜயதசமி அன்று காலை கடை திறப்பு. அவரே வந்து எங்களை அழைத்தார். போர்டில் ‘குளிர்’ என்பதன் சுழி கொஞ்சம் கோணல் என்பதையும் அழைக்கும்போதே சொன்னார்.

அதற்கு முந்திய நாள் ஆயுத பூஜை.

எங்கள் பக்கத்தில் இரண்டு வழக்கமும் கலந்து கிடக்கும். தமிழ் முறைப்படி சந்தனம், குங்குமம், பொரி. மலையாள முறைப்படி பூஜைக்கு வைத்துவிட்டால் மறுநாள் எடுக்கும்வரை கருவியை வேலைக்குத் தொடக்கூடாது. கேமராக்களையும் டிரைபாடுகளையும் துடைத்து வரிசையாக வைத்தேன். கம்ப்யூட்டரை மட்டும் எரியவிட்டேன். வேலை செய்யக்கூடாது என்றுதானே முறை, விளக்கு எரியக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டேன். நீல வெளிச்சத்தில் பூமாலை அவ்வளவு அழகாக இருந்தது.

வீட்டுக்காரர் பொரி வாங்கப் போயிருந்தார். கேமராவுக்கெல்லாம் நேராகப் பொட்டு வைத்துவிட்டு, இதற்கு மட்டும் வெளித் தகட்டில் வைப்பது என்னவோ போலிருந்தது. வேலை செய்வது உள்ளே இருக்கிற செப்புக்கட்டை. அதற்கு ஒரு பொட்டு வைக்கலாம் என்று நான்கு ஸ்க்ரூவையும் திருகிக் கண்ணாடியை எடுத்தேன். பொட்டு வைப்பதற்கு முன்னால் தீர்த்தம் தெளிப்பதுதானே முறை. செம்பில் மாவிலையை நனைத்து மூன்று முறை தெளித்தேன். கேமராவுக்குத் தெளிக்கும்போது கையைத் தள்ளிப் பிடித்தவள், இதற்குத் தள்ளிப் பிடிக்கவில்லை. உள்ளேதான் எப்போதும் தண்ணீர் ஓடுகிறதே என்று கை நினைத்துவிட்டது போல.

டக் என்று ஒரு சத்தம். நீலம் அணைந்தது. தீய்ந்த வாடை வந்தது.

நான் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். பிளக்கைப் பிடுங்கினேன். விளிம்பில் தெறித்திருந்ததை முந்தானையால் துடைத்தேன். உள்ளே கை விடப் பயம். கண்ணாடியைத் திரும்ப வைத்து, நான்கு ஸ்க்ரூவையும் அவர் முடுக்கியிருந்த அதே அளவுக்கு முடுக்கினேன். செம்பைக் கொண்டுபோய் கேமராக்கள் பக்கத்தில் வைத்தேன். வீட்டுக்காரர் பொரியோடு உள்ளே வந்ததும், தானாக அணைந்துவிட்டது என்று சொன்னேன். இந்த ஒரு வாக்கியம்தான் நான் சொன்ன பொய். மற்றதெல்லாம் சும்மா இருந்ததுதான்.

போன் செய்த பத்தாவது நிமிடம் அண்ணா வந்துவிட்டார். நெற்றியில் சந்தனம், விரலில் குங்குமம், அவருடைய ஸ்பேனர்களுக்குப் பூஜை போட்டுக்கொண்டிருந்தவர். கண்ணாடியைக் கழற்றி டார்ச் அடித்தார். உள்ளே இருந்த சர்க்யூட் போர்டின் மேல் செப்புக்கட்டையை ஒட்டி நான்கைந்து துளி தண்ணீர் நின்றது. நேர் மேலே ஏழாம் நம்பர். டியூபுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிற சின்னத் தொட்டியில் மட்டத்தைப் பார்த்தார். அவர் போட்டிருந்த கோட்டுக்குக் கீழே நூலளவு இறங்கியிருந்தது. ஐந்து மாதத்தில் தண்ணீர் அவ்வளவு வற்றாதா என்ன. அவர் அப்படி யோசிக்கவில்லை. அவர் முகத்தில் அதிர்ச்சிகூட இல்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஒன்று வந்துவிட்டது போலத்தான் தலையாட்டினார்.

“என்ற தப்புதானுங்க. அன்னைக்கே சொன்னனில்லீங்களா, சாய்ச்சு வெட்டீட்டேன்னு.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முடித்துவிட்டார் என்று பல வருடம் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. அவர் ஸ்டூடியோ வாசலிலேயே நின்று, செய்து தரச் சொன்ன நான்கு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தார். தான் போட்ட ஜாயிண்ட் ஒழுகி ஒரு கம்ப்யூட்டர் போய்விட்டது, இனி இதைச் செய்ய தைரியமில்லை, மன்னிக்க வேண்டும் என்று நான்கு பேரிடமும் ஒரே மாதிரி சொன்னார். நான்கு போன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் எனக்கு நேரம் இருந்தது. கேட்காமல் கண்ணாடியைத் திறந்தேன் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம், பூஜை நாளில் எரியவிட்டேன் என்ற பயம், எல்லாம் சேர்ந்து நான் பொரியையும் கடலையையும் தட்டில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கும் ஒரு தட்டு கொடுத்தேன். சாப்பிட்டார்.

மறுநாள் கடை திறக்கவில்லை. அடுத்த வாரம் என் கம்ப்யூட்டருக்குப் புது சர்க்யூட் போர்டு ஒன்றை அவரே வாங்கி வந்து, வெறும் ஃபேன் வைத்துப் பொருத்திக் கொடுத்தார். வீட்டுக்காரர் எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. கடைக்கு எழுதிய போர்டு அவர் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போனது. தோப்பு வேலைக்கும் ஆட்கள் கூப்பிடுவது குறைந்தது. முன்பெல்லாம் அவர் சொல்கிற குறைகளை ஊர் பாதிதான் நம்பும். இப்போது முழுதாக நம்பியது. ஏலத்தோட்டங்களில் குழாய் பதிக்க ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லி, மூட்டு வலியோடு இடுக்கி மலைக்குப் போனார். மனைவியும் கூடப் போய்விட்டார்.

நான்கு வருடம் கழித்து எங்களுக்கு அந்த மலையிலேயே சின்னக்கானலில் ஒரு கல்யாண வேலை வந்தது. ஒத்துக்கொண்டதே அவரைப் பார்க்கத்தான். முகூர்த்தம் முடிந்து, வீட்டுக்காரர் மண்டபத்தில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் விசாரித்துக்கொண்டு போனேன். போடிமெட்டு ரோட்டோரம் ஒரு ஏலத்தோட்டச் சரிவில், ஸ்வெட்டரும் மப்ளருமாக நின்று தண்ணீர்க் குழாய்க்கு அடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். இந்தக் குளிரில் கம்ப்யூட்டர் வைத்தால் தண்ணியும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம் என்றார். நான் சுற்றி வளைக்கவில்லை.

“அண்ணா, அன்னைக்கு உங்க ஜாயிண்ட் ஒழுகலீங்க. நாந்தான் கண்ணாடியக் கழட்டி, மாவெலையில தண்ணி தெளிச்சேன். அது உள்ள உழுந்துதான் போச்சு. பயந்துட்டுச் சொல்லாம உட்டுட்டனுங்க.”

அவர் ஈரக் கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டார். திட்டுவார், அல்லது அழுவார் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் முகம் மெதுவாக இளகி, சிரித்தார்.

“இதைச் சொல்லறதுக்கா அம்மிணி இத்தனை தூரம் வந்தீங்க?”

ஆமாம் என்றேன். அவர் ஸ்வெட்டருக்குள் கையை விட்டு ஒரு ஹோமியோ மருந்து டப்பாவை எடுத்தார். உள்ளே பஞ்சின் மேல் ஏழாம் நம்பர் ஜாயிண்ட் இருந்தது, நீளவாக்கில் இரண்டாக அறுத்து. மார்க்கர் எழுத்துகூட அழியவில்லை. ஒரு பாதியை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் மயிரிழை போல ஒரு கோடு இருக்கிறது பாருங்கள், அது வழியாகத்தான் வந்திருக்கிறது என்றார். நான் உற்றுப் பார்த்தேன். அறுத்த பிளேடின் தடம்தான் தெரிந்தது. அது பிளேடு தடம் என்று சொன்னேன். மறுபடியும் முதலிலிருந்து மாவிலை, செம்பு, பொட்டு எல்லாம் சொன்னேன். குழந்தை சொல்வதைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாலு ஸ்க்ரூவும் நான் முடுக்குனது முடுக்குனபடியே இருந்துச்சுங்க அம்மிணி. கண்ணாடிய ஆரும் தொடலை. என்ற மனசு ஆறோணும்னு நீங்க பழிய உங்க மேல போட்டுக்கறீங்க. சாரமில்லீங்க, உடுங்க. நான் எப்பவோ ஆறீட்டேன்.”

டப்பாவை மூடி உள்ளே வைத்துக்கொண்டார். பிறகு அவர்கள் தங்கியிருந்த தோட்டத்து லயத்து வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போய், மனைவியிடம் ஏலக்காய் ஒரு பொட்டலம் கட்டித் தரச் சொன்னார். கொடுக்கும்போது, இதில் பாதி இரண்டாம் தரம்தான் என்று சொல்லிக் கொடுத்தார்.

திரும்பி வருகிற வழியில், மறையூர் தாண்டியதும் வண்டியில் வைத்து வீட்டுக்காரரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் வண்டி ஓட்டினார். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை இரண்டு பேரும் பேக்கரிக்கு டீ குடிக்கப் போனோம். பேக்கரிக்காரர், அண்ணனுக்குக் கடைக்கு அறை விட்டவர், பென்ச்சைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார். அதுவரை எனக்கு அவர் பென்ச் துடைத்ததில்லை. டீயோடு கேட்காமலே ஒரு தேங்காய் பன்னும் வந்தது.

“ராத்திரி அண்ணன் போன் பண்ணுனாருங்க. மலை ஏறிப் போயி, தப்பு உங்களுதுன்னு சொல்லி அவரு மனசை ஆத்தப் பாத்தீங்களாமா. இந்தக் காலத்துல ஆருங்க அப்படிச் செய்வாங்க?”

டீக்கு நின்றவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்காரரும் பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட அந்தக் கண்ணில் நான் அவ்வளவு மரியாதையைக் கண்டதில்லை. வண்டியில் நான் சொன்னதை எந்தக் கணக்கில் எழுதிக்கொண்டார் என்று அப்போதுதான் புரிந்தது. இல்லை, நிஜமாகவே நான்தான் தண்ணீர் தெளித்தேன், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

பேக்கரிக்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

“நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னும் அண்ணன் சொன்னாருங்க.”